அகத்தில் ஒரு ஜெனரேட்டர்: வாங்கலாமா, நம்பலாமா?

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் உபந்யாசமோ, டாக்டர் ஒருவரின் ஆரோக்கிய உரையோ நடப்பதுதான் வழக்கம். ஜெனரேட்டரைப் பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டபோது எனக்குச் சற்று ஆச்சரியமாகவே இருந்தது. காரணத்தையும் அவரே சொன்னார். நம் உறுப்பினர்களில் பலர் தம்பதியாகவோ தனியாகவோ வசிக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். "அப்பா, கரண்ட் போனால் நீங்களும் அம்மாவும் ஏன் கஷ்டப்பட வேண்டும்? பணம் அனுப்புகிறேன், ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று போனில் சொல்கிறார்கள். வாங்கலாமா என்று பலர் காரியதரிசியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்!

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். மத்திய அரசு உத்தியோகத்தில் கான்பூர், புவனேச்வர், தில்லி என்று சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் நாக்பூரில் குடியேறியவன். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் குடும்பம் நடத்திய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. எனவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் தூக்கி வைக்கக்கூடிய சிறிய ஜெனரேட்டர் உபயோகமான யந்திரம்தான். ஆனால் அதற்கு மூன்று வேண்டும்: வீட்டுக்கு வெளியே திறந்த இடம், அதை இயக்கத் தெம்புள்ள ஆள், முறையான ஒயரிங். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. ஏன் என்பதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

மின்வெட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, சில மணி நேரத்தில் சரியாகிவிடுவது. மற்றொன்று, நாள் கணக்கில் நீடிப்பது. மின்சாரம் போகவே போகாது என்று பெயர் வாங்கிய மும்பையில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி காலையில் நகரமே ஸ்தம்பித்தது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு தினங்களில் வடக்கு கிரிட் இரண்டு முறை விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, 60 கோடி ஜனங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். இவையெல்லாம் பெரிய செய்திகள்தான். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் ஒரு நாளைக்குள் மின்சாரம் வந்துவிட்டது.

புயல் சமாசாரம் வேறு. 2016 டிசம்பர் 12-ல் சென்னையை வர்தா தாக்கியபோது பல பேட்டைகளில் நாள் கணக்கில் இருட்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டா ஜில்லாக்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2019 மே 3-ல் ஃபானி புயல் பூரியில் கரையேறியபோதும் அதே கதைதான். கம்பமே இல்லாதபோது கம்பியில் கரண்ட் எங்கிருந்து வரும்?

இந்த இரண்டு ஜாதிக்கும் வைத்தியம் வேறு வேறு. சில மணி நேர வெட்டுக்கு இன்வெர்ட்டர் போதும். நாள் கணக்கான வெட்டுக்கு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. அது மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, சேமித்ததைத்தான் திருப்பித் தருகிறது. 2012-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டின் வெளி மாவட்டங்களில் 12 மணி நேரத்துக்கும் மேலாக வெட்டு இருந்தபோது, பாட்டரி நிரம்புவதற்கே அவகாசம் இல்லாமல் இன்வெர்ட்டர்கள் சோர்ந்து விழுந்ததை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான். வீட்டில் சாதாரணமாக வைப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-மணி. பாட்டரியை முழுவதும் காலி செய்யக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் விரயமாகும். ஆகவே 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு எல்.இ.டி. விளக்குக்கு 40 வாட், இரண்டு பழைய மின்விசிறிக்கு 150 வாட், மோடம், செல்போன் வகையறாவுக்கு 20 வாட், மொத்தம் 210. பாட்டரி ஐந்தரை மணி நேரம் தாங்கும். அந்த இரண்டு விசிறிகளையும் மாற்றி, 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறிகளைப் போட்டால் மொத்தச் சுமை 120 வாட்டாக இறங்கும். அதே பாட்டரி 10 மணி நேரம் வரும்! பாட்டரியில் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஜெனரேட்டர் விலை விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் விசிறி விலையை விசாரியுங்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஜெனரேட்டர் கணக்கு எப்படி? ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள சக்தி சுமார் 9 யூனிட். சின்ன எஞ்சின் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் போய்விடும். லிட்டருக்கு ஒன்றரை யூனிட் என்றால், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் 65 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின் வாரியம் கொடுக்கும் யூனிட்டைப் போலப் பல மடங்கு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று செலவழிக்கலாம். தினசரி வழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு விஷயம், கடைக்காரர் சொல்லமாட்டார். "2 கே.வி.ஏ., ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடும்" என்பார். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான் எடுக்கும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது சுமார் 1,100 வாட் எடுக்கும். கிளம்பும்போது நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே எந்தெந்தச் சாமான் ஓட வேண்டும் என்று காகிதத்தில் எழுதி, மோட்டார் உள்ளவற்றுக்குக் கிளம்பும் சக்தியையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

"இன்வெர்ட்டர் பாட்டரியை ஜெனரேட்டரால் சார்ஜ் செய்துகொண்டால் ஆயிற்று" என்று சிலர் சொல்கிறார்கள். யோசனை சரி. ஆனால் சாதாரண இன்வெர்ட்டர் பாட்டரிக்குள் 15 ஆம்பியர் அளவில்தான் செலுத்தும். 150-ஐ 15-ஆல் வகுத்தால் 10 மணி நேரம். வெறும் 200 வாட் வேலைக்காக 2,000 வாட் எஞ்சினைப் பத்து மணி நேரம் ஓட்டுவது, ஒருவர் பயணம் போகப் பஸ் பிடிப்பது மாதிரி. ஆகவே ஓட்டும்போது எல்லா வேலையையும் சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும்: ஃப்ரிட்ஜ் குளிரட்டும், மிக்ஸியில் அரைக்க வேண்டியதை அரைத்துக்கொள்ளலாம், போன்கள் எல்லாம் சார்ஜ் ஆகட்டும், பாட்டரியும் கொஞ்சம் ஏறட்டும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். எனவே நாலைந்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த உரையின் முக்கியமான பகுதி. உயிர் சம்பந்தப்பட்டது. கவனமாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, புகை. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ எரியும் எஞ்சினிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் கரிக்காது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்ல வேண்டியது. இந்த வாயுவோ ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு வந்துகொண்டேயிருக்கும், உடம்புக்கு ஆக்ஸிஜன் போகாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, தூக்கத்திலேயே போய்விடுவார்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து வட இந்தியக் கடைத்தெருக்களில் ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா ஜெனரேட்டர்கள் கடைக்கு ஒன்றாகத் தடதடத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கடைத்தெருவில் அவை நடைபாதையில் நின்றன. வீடுகளுக்கு வந்தபோது திருட்டுப் பயத்தால் உள்ளே ஏறிவிட்டன. 1994 ஜனவரியில் கான்பூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம், குளிருக்காகக் கண்ணாடி அடைத்த வராந்தாவில் ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மாமிக்கும் பேரனுக்கும் தலைவலி, வாந்தி. சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று ஓமவாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ப்ளாக் டாக்டர் வந்தார். உள்ளே நுழைந்ததும் நாடிகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் வெளியே வாருங்கள்" என்று சத்தம் போட்டார். சீக்கிரமே படுத்துவிட்ட மாமாவை எழுப்பத்தான் முடியவில்லை. நாங்கள் நாலு பேர் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து பனியில் கிடத்தினோம். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து மூன்று நாளில் பிழைத்து வந்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை.

ஆகவே, ஜெனரேட்டர் வீட்டுக்குள் ஓடக் கூடாது. வராந்தா, பால்கனி, மாடிப்படி, மூடிய கார் ஷெட், அடுக்ககத்தின் டக்ட், எதுவும் கூடாது. "ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேனே" என்பது பதிலாகாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளித் திறந்த வெளியில், புகைக்குழாய் எந்த ஜன்னலையும் பாராமல் இருக்க வேண்டும். நம் ஜன்னலை மட்டும் சொல்லவில்லை, அண்டை அயல் வீட்டு ஜன்னலையும் சேர்த்துத்தான். பாட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இப்போது கிடைக்கிறது. படுக்கை அறைப் பக்கம் ஒன்று மாட்டிவிடுங்கள். வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தால் தைலம் தேடாதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்; அப்புறம் 112-க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாவது, ஒயரிங். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகிவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரியும், செலவும் குறைவு. ஆனால் மெயின் ஸ்விட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது. நாம் பின்பக்கமாகச் செலுத்தினால் அதே டிரான்ஸ்பார்மர் அதை 11,000-க்கு ஏற்றிவிடும். புயலில் நனைந்துகொண்டு நமக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை அது கொல்லும். நம் சௌகரியத்துக்காக இன்னொரு குடும்பத்தின் விளக்கை அணைப்பதா? அது மட்டுமல்ல, பெரிய மின்சாரம் திடீரென்று திரும்பி வந்தால் ஜெனரேட்டர் அந்த இடத்திலேயே எரிந்துபோகும்.

இதற்குப் பரிகாரம் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச். ஒரு பக்கம் வாரிய மின்சாரம், மறு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் அணைப்பு. இரண்டும் ஒருபோதும் சேராது. ஃபேஸ் மட்டுமின்றி நியூட்ரலையும் சேர்த்து மாற்றும்படியான ஸ்விட்ச்சாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கூரையில் சோலார் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் பலர் மானியத்தோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மின்வெட்டின்போது நல்ல வெயிலிலும் அது நின்றுவிடுகிறதே என்று கேட்கிறார்கள். பழுது ஒன்றுமில்லை. கிரிட்டோடு இணைந்த சோலார், கிரிட் போனவுடன் தானே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதே லைன்மேனின் உயிரைக் காப்பாற்றத்தான். பாட்டரியும் அதற்கேற்ற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் வெட்டு நேரத்தில் பயன்படும். இப்படிப்பட்ட சோலார் உள்ள வீட்டில் ஜெனரேட்டரையும் ஒரே லைனில் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சாமான்கள் கெடும்.

மூன்றாவது, பெட்ரோல். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. இறுக மூடிய தகுந்த பாத்திரத்தில்தான். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக வைக்க வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் போதும், அதுவும் உலோகக் கேனில், வீட்டுக்கு வெளியே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நம் அகங்களில் சுவாமி விளக்கு தரைமட்டத்தில்தான் எரிகிறது என்பதை மறக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. அணைத்து, கால் மணி ஆறவிட்டு, பிறகு ஊற்ற வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். மாதக் கணக்கில் டாங்க்கில் கிடந்தால் கார்பரேட்டர் அடைத்துக்கொண்டு, வேண்டிய அன்றைக்குக் கிளம்பாது. மாதம் ஒரு முறை கால் மணி நேரம் சுமை கொடுத்து ஓட்டுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் டாங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணி, மழை, காற்று. மாடியிலிருந்து கீழே இறங்கி, அந்தக் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பப் போவது யார்? 78 வயதில், பைபாஸ் ஆன மார்போடு, வழுக்கும் தரையில் நின்று கயிறு இழுக்கலாமா? பட்டன் ஸ்டார்ட் உள்ளவை உண்டு. ஆனால் அதற்குள்ளும் ஒரு பாட்டரி இருக்கிறது, அதுவும் சோர்ந்து போகக்கூடியதே. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பும் பணம் யந்திரத்தை வாங்கும், அதைக் கிளப்பும் கையை வாங்காது. அந்தக் கை யாருடையது என்று தீர்மானித்தபின் பணம் அனுப்புங்கள். அடுக்ககத்தில் உள்ளவர்களுக்குத் தனி ஜெனரேட்டர் உசிதமே இல்லை. குடியிருப்பின் பொது ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஒரு சாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். தில்லி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள், குளிர்காலத்தில் காற்று மாசு ஏறும்போது ஜெனரேட்டர்களுக்கு வரும் கட்டுப்பாடுகளையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவச் சாதனம் உள்ள வீடுகளில் இரட்டை ஏற்பாடு அவசியம். ஐந்து லிட்டர் ஆக்ஸிஜன் கான்ஸன்ட்ரேட்டர் 300 முதல் 400 வாட் வரை இழுக்கும். மேலே சொன்ன பாட்டரி மூன்று நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ஜெனரேட்டரை மட்டும் நம்பாமல் ஒரு சிலிண்டரும் வைத்திருக்க வேண்டும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் உண்டு. நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரும். அதற்கு பாட்டரியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். இன்ஸுலின் கெட்டுவிடுமே என்று ஃப்ரிட்ஜுக்காக ஜெனரேட்டர் தேடுபவர்கள், மருந்தை ஈரம் படாதபடி டப்பாவில் போட்டு, நீர் கசியும் மண்பானையின் குளிர்ச்சியில் வைத்துச் சமாளிக்கலாம். ஆவியாதல் என்ற பௌதிக விதி மின் வாரியத்தைக் கேட்டு நடப்பதில்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு கிளையிலும், தனியாக வசிக்கும் முதியவர்கள், ஆக்ஸிஜன் போன்ற சாதனம் உபயோகிப்பவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்று தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் உள்ளவர், இன்வெர்ட்டர் உள்ளவர், ராத்திரியில் ஸ்கூட்டர் எடுத்து வரக்கூடிய இளைஞர் யார் யார் என்பதையும் அதன் எதிரே எழுதிவைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் பட்டியலை எடுத்துப் போன் செய்ய ஒருவர் இருந்தால் போதும். அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் எதிர் வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். இன்று நாம் பல ஊர்களில் சிதறி இருக்கிறோம். கதவைத் தட்டும் அந்த வழக்கத்தை மட்டுமாவது விடாமல் வைத்திருப்போம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஜெனரேட்டர் இருந்தால், இன்று வீடு திரும்பியதும் இரண்டே விஷயங்களைப் பாருங்கள்: அது எங்கே நிற்கிறது, எந்த ஒயர் வழியாக வீட்டுக்குள் வருகிறது. இரண்டில் எதிலாவது சந்தேகம் இருந்தால், சரி செய்யும் வரை அதைக் கிளப்ப வேண்டாம். ஒரு ராத்திரி விசிறியில்லாமல் பனையோலை விசிறியோடு கழிப்பதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.